அத்தியாயம் 9: காலைப் புகையும் கெட்டுப்போன ஆயிலும்

காலையில் செல்ஃப் அடித்ததும் லாரி குபுகுபுவென்று புகை தள்ளினால், ஸ்டாண்டில் நிற்கிற எல்லோருமே மெக்கானிக் ஆகிவிடுவார்கள். "ரிங் போயிருச்சு", "ஹெட்டு விட்டிருச்சு", "இறக்கிப் போர் வேலை பாத்துரு" என்று ஆளுக்கொரு தீர்ப்பு. இன்ஜினை இறக்கி லைனர், பிஸ்டன், ரிங் மாற்றி, ஹெட் வேலை பார்த்து ஏற்றினால் செலவு லட்சத்தைத் தாண்டும். வண்டி பட்டறையில் நிற்கிற நாட்களுக்கு டியூ தனி. அத்தனையும் செய்து முடித்து, முதல் லோடிலேயே மறுபடி புகை தள்ளிய வண்டிகள் உண்டு. கோளாறு டீசல் பம்பிலோ, ஏர் கம்ப்ரஸரிலோ, டர்போவின் ரிட்டர்ன் பைப்பிலோ இருந்திருக்கும். இன்ஜினுக்குள் யார் தேடினாலும் கிடைத்திருக்காது.

புகை பாதி விஷயத்தைத்தான் சொல்லும். மீதிப் பாதி ஆயிலில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் ஸ்பேனரைத் தொடக் கூடாது.

இங்கே பேசுவது காமன் ரெயில் வருவதற்கு முந்தைய இன்ஜின்களைப் பற்றி. டாடாவின் 5.675 லிட்டர் 697, ஹினோ வடிவமைப்பில் வந்த லேலண்டின் ஆறு சிலிண்டர் எச் வரிசை, 5.9 லிட்டர் கம்மின்ஸ் பி வரிசை போன்றவை. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது, எரர் கோட் கிடையாது. கண், மூக்கு, விரல் மூன்றும்தான் ஸ்கேனர்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால்

சந்தேகம் வந்தவுடன் பலரும் செய்கிற முதல் காரியம் ஆயிலை மாற்றுவது. அதைச் செய்யாதீர்கள். பழைய ஆயில்தான் தடயம். அதைக் கொட்டிவிட்டால் இன்னும் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டித்தான் மறுபடி தடயம் சேர்க்க வேண்டும்.

முந்தின நாள் மாலை வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். இன்ஜின் நின்று கால் மணி நேரம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்து, விட்டு, எடுத்து, ஆயில் எந்த இடத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இன்ஜின் நன்றாக ஆறியதும் ரேடியேட்டர் தண்ணீர் மட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்துவிடுங்கள்.

காலையில் இரண்டையும் மறுபடி பாருங்கள். தண்ணீர் இறங்கியிருக்கிறது, ஆனால் அட்டை காய்ந்து கிடக்கிறது என்றால் செல்ஃபைத் தொடாதீர்கள். அந்தத் தண்ணீர் ஏதாவது ஒரு சிலிண்டருக்குள் தேங்கியிருக்கலாம். தண்ணீர் அமுங்காது. செல்ஃப் வேகத்தில் பிஸ்டன் மேலே வந்து அதில் முட்டினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஃப்ளைவீலிலோ கிராங்க் புல்லியிலோ கம்பி கொடுத்து இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். எங்கேயாவது கல்லில் முட்டியதுபோல் நின்றால் இன்ஜக்டர்களைக் கழற்றிவிட்டு அப்புறம் சுற்றுங்கள்; எந்த ஓட்டையிலிருந்து தண்ணீர் பீறிடுகிறதோ அந்த சிலிண்டர்தான்.

அடுத்து சம்ப் ட்ரெயின் போல்ட். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இதை முழுசாகக் கழற்ற வேண்டாம். அரை ஒரு சுற்று இளக்கி, முதலில் கசிகிற இரண்டு கரண்டி அளவை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால் அடியில்தான் நிற்கும். இருந்தால் அதுதான் முதலில் வரும். டீசல் அப்படிப் பிரிந்து வராது. ஆயிலோடு ஒன்றாகக் கலந்துவிடும். அதனால்தான் டீசல் கலந்ததைக் கண்டுபிடிக்க வேறு வழி வேண்டும்.

டிப்ஸ்டிக்கைப் படிப்பது

கறுப்பு நிறத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். டீசல் இன்ஜினில் புது ஆயில் ஊற்றி ஒரு நாள் ஓட்டினாலே கறுத்துவிடும். கரியைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்வதுதான் அந்த ஆயிலின் வேலை. கவலைப்பட வேண்டியவை வேறு.

ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்து, இன்ஜின் அதைக் கடைந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் ஃபில்லர் மூடியின் உட்புறத்தில் மட்டும் வெளிறிய களிம்பு ஒட்டியிருந்தால் உடனே ஹெட் கேஸ்கெட்டைக் குற்றம் சொல்ல வேண்டாம். குவாரிக்கும் கிரஷருக்கும் நடுவே குறைந்த தூரமே ஓடும் வண்டிகளிலும், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிய வண்டிகளிலும் இந்தக் களிம்பு சாதாரணம். நம் ஊரில் இன்ஜின் சூடேறினால் முதல் வைத்தியமாகத் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு இன்ஜின் வேண்டிய சூட்டுக்கே வருவதில்லை. எரியும்போது உண்டாகிற ஈரம் ஆவியாகி வெளியேறாமல் ஆயிலில் தங்குகிறது, டீசலும் முழுசாக எரியாமல் ரிங் வழியாகக் கீழே இறங்குகிறது. காலைப் புகை, களிம்பு, இளகின ஆயில் மூன்றுமே இந்த ஒரு பார்ட் இல்லாததால் வரலாம். அது இருக்கிறதா என்று பார்க்காமல் மற்ற எதையும் ஆராய்வது வீண்.

ஆயில் மட்டம் ஏறியிருந்தால் அது நல்ல செய்தி அல்ல. பழைய இன்ஜின் ஆயில் கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும். மட்டம் இறங்குவது வயசு. ஊற்றாமலே ஏறுகிறது என்றால் வேறொன்று உள்ளே வந்துகொண்டிருக்கிறது. தண்ணீர் இல்லை என்று ட்ரெயின் போல்ட்டில் தெரிந்துவிட்டால், வருவது டீசல்.

இதை உறுதிப்படுத்த, பள்ளிக்கூட லேபில் இருக்குமே அந்த வடிதாள், அதில் சோதிப்பது எளிது. கிடைக்காவிட்டால் தடிமனான வெள்ளை டிஷ்யூ போதும். இன்ஜின் சூடாக இருக்கும்போது டிப்ஸ்டிக் நுனியிலிருந்து ஒரே ஒரு சொட்டு விடுங்கள். தாள் எதன் மேலும் படாமல், ஒரு டம்ளர் வாயில் வைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். நடுவில் கறுப்பு, அதைச் சுற்றி சாம்பல் நிறம், அது மெல்ல வெளிறி ஓரம் வரை பரவியிருந்தால் ஆயில் இன்னும் வேலை செய்கிறது. நடுவில் மை கொட்டியதுபோல் அடர்ந்த கறுப்பு, ஓரம் வெட்டியதுபோல் நின்றுவிட்டது என்றால் கரி தாங்கும் சக்தி தீர்ந்துபோயிற்று. கறுப்பு வட்டத்துக்கு வெளியே, கறை இல்லாமல் எண்ணெய் ஊறியதுபோல் ஒளி ஊடுருவுகிற அகலமான வளையம் ஓடியிருந்தால் அது டீசல். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தெளிவாகத் தெரியும். அதே பிராண்டின் புது ஆயில் ஒரு சொட்டைப் பக்கத்திலேயே இன்னொரு தாளில் விட்டுவைத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒப்பிடாமல் சொல்கிற தீர்ப்பில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

தண்ணீர் கொஞ்சமாகக் கலந்திருந்தால் நிறம் மாறாது. அதற்கு ஒரு இரும்புத் தகட்டைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு சொட்டு ஆயிலை அதன் மேல் விடுங்கள். தண்ணீர் இருந்தால் சடசடவென்று வெடிக்கும். சுத்தமான ஆயில் சத்தமில்லாமல் பரவிப் புகையும். கண்ணாடி போட்டுக்கொண்டு, பட்டறைக்கு வெளியே, டீசல் கேன் பக்கத்தில் இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

டீசல் எந்த வழியாக வருகிறது

ராசிபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பத்து சக்கர வண்டி நினைவில் நிற்கிறது. ஓனரே டிரைவர். "ஆயிலு தானா ஏறுதுங்கண்ணா. ஊத்தவே இல்லீங்க, ஸ்டிக்குல ஒரு வெரக்கடை மேல நிக்குது" என்றார். வேறொரு இடத்தில் ஹெட்டைக் கழற்றிக் கேஸ்கெட் மாற்றியிருக்கிறார்கள்; ஏறுவது நிற்கவில்லை. அடுத்தது போர் வேலை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூடியைத் திறந்து மோந்து பார்த்தாலே டீசல் நெடி அடித்தது. ஹெட் கேஸ்கெட் வழியாக டீசல் வராது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

பழைய மைக்கோ இன்லைன் பம்பின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஃபீட் பம்ப் இருக்கும். கையால் அடித்து ஏர் எடுக்கிற பிரைமர் அதில்தான் இருக்கிறது. டேங்கிலிருந்து டீசலை இழுத்து ஃபில்டருக்குத் தள்ளுவது இதன் வேலை. இதை ஓட்டுவது பெரிய பம்பின் கேம் ஷாஃப்ட். கேமுக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே விரல் தடிமன்கூட இல்லாத ஒரு ஸ்பிண்டில் ஓடுகிறது. ஒரு பக்கம் டீசல், மறுபக்கம் ஆயில், நடுவில் அந்த ஸ்பிண்டிலும் அதன் துளையும் மட்டும்தான் தடுப்பு. தேய்ந்தால் டீசல் ஆயில் பக்கம் இறங்கும். பல வண்டிகளில் பம்பின் கேம் அறைக்கு இன்ஜின் ஆயில்தான் போய் வருகிறது. அதனால் கசிந்த டீசல் நேராகச் சம்புக்கு வந்துவிடும். பம்புக்குத் தனி ஆயில் இருக்கிற பழைய மாடல்களில் முதலில் பம்பின் ஆயில்தான் ஏறும்.

சோதிப்பது சுலபம். ஃபீட் பம்பைக் கழற்றி, டேங்கிலிருந்து வரும் பைப்பை மட்டும் மாட்டியே வைத்து, வெளியேறும் வழியை அடைத்துவிட்டுப் பிரைமரை அடியுங்கள். ஸ்பிண்டில் ஓரமாக டீசல் ஊறி வழிந்தால் விஷயம் முடிந்தது. அந்த ராசிபுரத்து வண்டியில் வழிந்தது. ஃபீட் பம்ப் மாற்றி, ஆயிலும் ஃபில்டரும் மாற்றினோம். மட்டம் ஏறுவது நின்றது. காலைப் புகையும் பெரும்பாலும் அடங்கியது.

ஃபீட் பம்ப் சுத்தமாக இருந்தால், பம்புக்குள் எலிமெண்ட் தேய்ந்து டீசல் கேம் அறைக்கு இறங்கலாம். அது பம்ப் பட்டறை வேலை. ரோட்டரி பம்பு வண்டிகளில் முன்பக்க ஷாஃப்ட் சீல் விட்டுப்போனால் டீசல் டைமிங் கேஸ் வழியாகச் சம்புக்கு வரும். சில இன்ஜின்களில் இன்ஜக்டரின் லீக்-ஆஃப் பைப் ராக்கர் கவருக்குள்ளேயே ஓடும். அதில் ஒரு வாஷர் போனாலும் போதும். இவை எதுவும் இல்லையென்றால் மிச்சம், ஒழுகுகிற இன்ஜக்டர். ஸ்ப்ரே ஆகாமல் சொட்டாக விழுகிற டீசல் லைனரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும்.

ஆயிலில் டீசல் 5 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ஆயிலை மேற்கொண்டு ஓட்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. சூடான ஐடிலில் ஆயில் பிரஷர் முள் வழக்கத்தைவிடத் தாழ்ந்து நிற்பதும் இதன் அடையாளம். பேரிங் தேய்வது ஒரு பக்கம் இருக்க, அதைவிட அவசரமான ஆபத்து ஒன்று உண்டு. மட்டம் மிக ஏறிவிட்டால் ப்ரீதர் வழியாகவோ டர்போ வழியாகவோ ஆயில் உறிஞ்சப்பட்டு, இன்ஜின் அதையே எரித்துத் தானாக ரேஸ் ஆகும். ஸ்டாப் கேபிளை இழுத்தாலும் நிற்காது, ஏனென்றால் அது குடிப்பது பம்பின் டீசலை அல்ல. காற்றை அடைத்தால்தான் நிற்கும். இன்டேக் வாயைத் தட்டையான பலகையால் மூட வேண்டும். கையாலோ துணியாலோ மூட முயலாதீர்கள்.

தண்ணீர் வரும் வழிகள்

ஹெட் கேஸ்கெட் எல்லோருக்கும் தெரியும். ஹெட்டில் விரிசல், வெட் லைனர் இன்ஜின்களில் லைனரின் அடியில் இருக்கும் ரப்பர் ரிங், கூலண்ட் ஊற்றாமல் வெறும் போர்த் தண்ணீரிலேயே ஓட்டி லைனரின் வெளிப்புறம் அரித்து விழுந்த ஊசித் துளை, இவையும் உண்டு.

மறந்துபோகிறவை இரண்டு. ஒன்று ஆயில் கூலர். இன்ஜின் ஓடும்போது ஆயில் பிரஷர் தண்ணீர் பிரஷரைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் கூலர் ஓட்டையானால் முதலில் ரேடியேட்டரில்தான் ஆயில் மிதக்கும். நிறுத்தியதும் ஆயில் பிரஷர் இறங்கிவிடும், சூடான தண்ணீரில் பிரஷர் மிச்சமிருக்கும். அப்போது ஓட்டம் திரும்பித் தண்ணீர் ஆயிலுக்குள் போகும். இரண்டு பக்கமும் கலந்திருந்தால் முதலில் கூலரைக் கழற்றிக் காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் முக்கிப் பாருங்கள். இரண்டாவது, ஏர் கம்ப்ரஸர். அதன் ஹெட்டுக்கு இன்ஜின் தண்ணீர் ஓடுகிறது, அதன் கிராங்குக்கு இன்ஜின் ஆயில் ஓடுகிறது. அங்கே கேஸ்கெட் விட்டால் தண்ணீர் நேராகச் சம்புக்கு இறங்கும். இன்ஜின் ஹெட்டை எத்தனை முறை மாற்றினாலும் நிற்காது.

எது என்று பிரிக்க, ரேடியேட்டர் வாயில் கை பம்பு மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்துக்கு மேல் போகாமல் ஏற்றி, சம்பை இறக்கிவிட்டு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். எந்த லைனர் ஓரம் சொட்டுகிறது, அல்லது டைமிங் பக்கம் வழிகிறது என்று கண்ணாலேயே தெரியும். ராத்திரி முழுக்க விட்டுவைக்க வேண்டியிருக்கலாம். இது இன்ஜினை இறக்காமலே முடிகிற வேலை.

இப்போது புகை

ஒரு ஆள் சைலன்சருக்குப் பின்னால் நிற்கட்டும். இன்னொருவர் ஸ்டார்ட் செய்யட்டும். ஆக்ஸிலேட்டரை மிதிக்கக் கூடாது.

வெள்ளைப் புகை கண்ணைக் கரித்து, எரியாத டீசல் வாடை அடித்து, ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கினால் சிலிண்டர் சூடு போதாமல் டீசல் எரியவில்லை. தை மாதம் பஞ்சாப் பக்கம் லோடு ஏற்றப் போன பழைய வண்டி விடியற்காலையில் இப்படிப் புகைந்தால் அது குளிர். அதே வண்டி நாமக்கல்லில் சித்திரை மாதம் அதேபோல் புகைந்தால்தான் கோளாறு: கம்ப்ரஷன் குறைவு, ஒழுகும் இன்ஜக்டர், அல்லது பம்ப் டைமிங் பின்தங்கியிருப்பது.

ஒரு சிலிண்டரா, எல்லாமா என்று பார்க்க, புகையும்போதே இன்ஜக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாக இளக்குங்கள். இளக்கியதும் இன்ஜின் சத்தம் மாறாமல் புகை மட்டும் குறைந்தால் குற்றவாளி அந்த சிலிண்டர். கண்ணாடி, கையுறை கட்டாயம். இந்த இன்ஜக்டர்கள் திறப்பதே சுமார் 200 பார் அழுத்தத்தில். அந்தப் பீச்சு தோலைத் துளைத்து உள்ளே போகும், போனால் நேரே ஆஸ்பத்திரிதான். சந்தேகப்பட்ட இன்ஜக்டரை நாசில் டெஸ்டரில் போட்டுப் பார்க்கலாம், அல்லது பக்கத்து சிலிண்டரோடு இடம் மாற்றி மாட்டலாம். புகை கூடவே இடம் மாறினால் இன்ஜக்டர். மாறாவிட்டால் அந்த சிலிண்டரின் கம்ப்ரஷன்.

டீசல் வாடை இல்லாமல், இன்ஜின் சூடான பிறகும் விடாமல் வருகிற வெள்ளைப் புகை நீராவி. மேலே சொன்ன தண்ணீர் சோதனைக்குப் போங்கள்.

நீலப் புகை ஆயில். காலையில் ஒரு மூச்சு மட்டும் தள்ளிவிட்டு நின்றுபோனால், ராத்திரியில் ஆயில் எங்கோ சொட்டித் தேங்கியிருக்கிறது: வால்வ் கைடு வழியாக, அல்லது டர்போவில். லோடு ஏற ஏற நீலமும் ஏறினால் ரிங். பெட்ரோல் வண்டி மெக்கானிக்குகள் சொல்கிற "இறக்கத்தில் காலை எடுத்தால் புகைந்தால் கைடு" என்ற சூத்திரத்தை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டாம். டீசலில் த்ராட்டில் இல்லாததால் அந்த உறிஞ்சல் அவ்வளவாக இல்லை.

டர்போவா, சிலிண்டரா என்பதற்கு ஒரு நல்ல வழி, ஆறிய வண்டியில் எக்ஸாஸ்ட் பைப்பை டர்போவிலிருந்து பிரித்துப் பார்ப்பது. டர்பைன் பக்கம் ஈரமாக இருந்து, மேனிஃபோல்டு உள்ளே காய்ந்திருந்தால் ஆயில் டர்போவில்தான் வருகிறது. உடனே டர்போ வாங்கப் போகாதீர்கள். அதன் அடியிலிருந்து சம்புக்கு வரும் ரிட்டர்ன் பைப் கரி பிடித்து அடைத்திருந்தால், நல்ல டர்போகூட ஆயிலை வெளியே தள்ளும். அடைத்த ஏர் ஃபில்டரும் அதைச் செய்யும். மேனிஃபோல்டு ஈரமாக இருந்தால் அதைக் கழற்றி ஆறு போர்ட்டையும் விரலால் தடவிப் பாருங்கள்; எந்த போர்ட் ஈரமோ அந்த சிலிண்டர்.

கறுப்புப் புகை ஸ்டார்ட்டிங்கில் ஒரு கொத்து வந்தால் கண்டுகொள்ள வேண்டாம். தொடர்ந்தால் ஏர் ஃபில்டர், பம்ப் செட்டிங். இந்த அத்தியாயத்தின் விஷயம் அல்ல.

ரிங் என்று சொல்வதற்கு முன்

ப்ரீதரில் புஸ்புஸ்ஸென்று காற்று வந்தால் ரிங் தேய்ந்தது என்று முடிவு கட்டுவது வழக்கம். ஃபில்லர் மூடியைக் கவிழ்த்து வாய் மேல் வைத்தால் எகிறிக் குதிக்கிறது, அதனால் போர் வேலை என்பார்கள். ஆனால் ஏர் கம்ப்ரஸரின் ரிங் தேய்ந்தாலும் அது அழுத்துகிற காற்று இதே சம்புக்குள்தான் வரும். கம்ப்ரஸரிலிருந்து டேங்குக்குப் போகும் டெலிவரி பைப்பைக் கழற்றிவிட்டு, வண்டியை நிறுத்திய இடத்திலேயே, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினை ஓட்டிப் பாருங்கள். மூடியின் ஆட்டம் அடங்கினால் ரிங் வேலை கம்ப்ரஸருக்கு. ஏர் டேங்கின் ட்ரெயினைத் திறக்கும்போது தண்ணீரோடு கறுப்பு ஆயில் கொழகொழவென்று வருவதும் அதையே சொல்லும்.

அப்புறமும் அடங்கவில்லை என்றால் இன்ஜக்டர்களைக் கழற்றி ஆறு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் எடுங்கள். பேட்டரி முழு சார்ஜில், இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். தனித்தனி எண்ணைவிட ஆறும் ஒன்றுக்கொன்று எப்படி இருக்கிறது என்பது முக்கியம். எல்லாம் சமமாகக் குறைந்திருந்தால் வயசு. ஒன்று மட்டும் தனியாகத் தாழ்ந்திருந்தால் அங்கே வால்வா ரிங்கா என்று பார்க்க, அந்த சிலிண்டர் பிஸ்டனை மேல் நிலையில் நிறுத்தி, இன்ஜக்டர் துளை வழியாகக் காற்றைச் செலுத்துங்கள். காற்று பிடித்துத் தள்ளினால் கிராங்க் சுற்றும். அருகில் கை, கம்பி எதுவும் இருக்கக் கூடாது. எக்ஸாஸ்டில் சீறினால் வால்வ், ஃபில்லர் வாயில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழ் வந்தால் கேஸ்கெட் அல்லது ஹெட் விரிசல்.

கோளாறு கிடைத்துச் சரி செய்த பிறகுதான் ஆயில் மாற்றம், ஃபில்டரும் கூடவே. தண்ணீர் கலந்திருந்த இன்ஜினில் சம்பைக் கழற்றித் துடைப்பது நல்லது. களிம்பு ஸ்ட்ரெய்னரில் ஒட்டிக்கொண்டிருக்கும். மலிவான ஆயிலில் கொஞ்ச நேரம் ஐடிலில் ஓட்டி, அதையும் வடித்துவிட்டு, அப்புறம் நல்ல ஆயில் ஊற்றுங்கள். டிப்ஸ்டிக் மட்டத்தைத் தேதி, கிலோமீட்டரோடு ட்ரிப் ஷீட்டின் பின்பக்கம் எழுதி வையுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு சொட்டை வடிதாளில் விட்டு, புது ஆயில் சொட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.